செயின் அறுந்தாலும் கீழே வந்து சேரலாம்

என் முதல் டவுன்ஹில் பந்தயத்தில், அதாவது மலைச்சரிவில் சைக்கிளில் இறங்கும் பந்தயத்தில், மூன்றாவது திருப்பத்திலேயே செயின் அறுந்தது. பதறிப்போய் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அதுதான் தப்பு. சரிவில் செயின் இல்லாமலும் வேகம் வரும். 2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் ஆரன் க்வின், தொடக்கத்திலேயே செயின் போயும் உலகக் கோப்பைப் பந்தயத்தை வென்றார். சரி, நாம் க்வின் இல்லை. ஆனாலும் பிரேக்கைக் குறைத்துத் தொடுங்கள். ஒவ்வொரு மேட்டின் இறக்கத்திலும் கை கால்களால் சைக்கிளை அழுத்துங்கள், அந்த அழுத்தமே வேகமாகும். அறுந்த செயின் பின்சக்கரத்தில் சிக்கப் பார்த்தால் மட்டும் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். முன்டயரில் காற்று இறங்கினாலும் அப்படித்தான், வீரம் வேண்டாம்.

பாதிக் கோளாறு பந்தயத்துக்கு முதல்நாளே கண்ணுக்குத் தெரியும். சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து டிரெய்லியரை, அதாவது கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகத்தைப் பாருங்கள். அதன் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். என்னுடையது கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தது. 'பரவாயில்லை' என்று விட்டேன். மறுநாள் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றியதும் அது பின்சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்து மூன்றை முறித்தது. டிரெய்லியரைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு துண்டான ஹேங்கர் ஒன்று உபரியாகப் பையில் இருக்கட்டும்.

அப்புறம் போல்ட்டுகள். இறுக்கியதும் தலையிலிருந்து சட்டம்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது.