ஆடிக் காற்றுக்குச் சோற்றுக்கற்றாழை ஜெல்

கற்றாழையைத் தடவியபின் தோல் இன்னும் இழுக்கிறது என்பவர்கள், குமரி மாவட்டத்தில் கணவாய்க் காற்று வீசும் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் நிறையப் பேர். குறை செடியில் இல்லை. அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட மலைகளில் பிறந்த இந்தச் செடியின் சோறு கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணீர். தோலுக்கு ஈரம் கொடுக்கும். அதைப் பூட்டி வைக்காது. கணவாய்க் காற்று காற்றாலையைச் சுழற்றுகிற வேகத்தில் அந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதனால் ஜெல்லுக்கு மேல் எண்ணெய் கட்டாயம்.

மூன்று வயதுச் செடியின் அடிமடலை எடுங்கள். குருத்து மடலில் சோறு குறைவு. வெட்டிய முனை கீழே இருக்கும்படி அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். வடிகிற மஞ்சள் பாலில்தான் அரிப்பு உண்டாக்கும் அலோயின் இருக்கிறது. பால் தோலை ஒட்டியே ஓடுவதால், பச்சைத் தோலோடு 2 மில்லிமீட்டர் சதையும் சேர்த்துச் சீவுங்கள். சிக்கனம் பார்த்துச் சுரண்டினால் அரிப்புதான் மிச்சம். சோற்றை இரண்டு தண்ணீரில் அலசி, மிக்சியில் விட்டுவிட்டுச் சுற்றி, நுரை அடங்கியபின் துணியில் வடிகட்டுங்கள்.

உடனே 65 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கி, பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்குங்கள். கொதிக்க விட்டால் வழவழப்பு போய்விடும். சூடே காட்டாமல் விட்டாலும் அதிலுள்ள நொதிகள் சில மணி நேரத்தில் நீர்க்கச் செய்துவிடும்.

100 கிராமுக்குக் கணக்கு: கற்றாழைச் சாறு 95, கிளிசரின் 4, கெட்டியாக்கும் சாந்தன் கம் 0.5, சோடியம் பென்சோயேட் 0.3, பொட்டாசியம் சார்பேட் 0.2. இதற்கு 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். கரண்டிக் கணக்கு ஆகாது. கம்மைக் கிளிசரினில் குழைத்த பிறகே சாற்றில் ஊற்றுங்கள், நேராகத் தூவினால் மீன்கண் போலச் சின்னக் கட்டிகளாகிவிடும். பிறகு, கெடாமல் காக்கும் இரண்டு உப்புகளையும் (பென்சோயேட், சார்பேட்) முழுக்கக் கரையுங்கள். கடைசியாக, தண்ணீரில் கரைத்த சிட்ரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். தாளில் 4.5 வரும்வரை பாருங்கள். 5-க்கு மேல் போனால் அந்த உப்புகள் பூஞ்சையைத் தடுப்பது குறையும். சிட்ரிக் ஆசிட்டுக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழியாதீர்கள். வெயில் பட்டால் தோல் கருத்துக் கொப்பளிக்கலாம்.

முதல் தடவை முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். குளித்ததும், உடம்பில் ஈரம் இருக்கும்போதே தடவி, மேலே மூன்று நான்கு சொட்டு உருக்கெண்ணெய் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய்). கல்குளம், விளவங்கோடு பக்கம் காற்றிலேயே ஈரம் உண்டு. அங்கே கிளிசரின் 2 கிராம் போதும் (குறைந்த 2 கிராமைச் சாற்றில் ஏற்றிக்கொள்ளுங்கள்), இல்லையென்றால் பிசுபிசுக்கும். பருவுள்ள முகத்தில் எண்ணெய் வேண்டாம்.

உப்பு சேர்க்காத வெறும் ஜெல் என்றால் ஃபிரிட்ஜில் மூன்று நாள்தான், அல்லது ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து ஒவ்வொரு கட்டியாக எடுங்கள். ஜெல் லேசாகச் சிவந்தால் காற்றுப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். புளித்த வாடையோ பூஞ்சைப் புள்ளியோ தெரிந்தால், மேலே மட்டும் வழித்தெடுக்காமல் முழுவதையும் கொட்டுங்கள்.