ஊர்க்காவல் படையில் புதிதாகச் சேருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்க்காவல் படையில் சேரும் இளைஞர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன. காக்கி உடுப்பைக் கண்டதும் ஊர் கொடுக்கும் மரியாதையைத் தன் சொந்த அதிகாரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடலூர் போன்ற ஊரில் அது சீக்கிரமே நடந்துவிடும். நேற்றுவரை கூடப் படித்தவன், பக்கத்துக் கடைக்காரர் எல்லாரும் திடீரென்று "சார்" என்று கூப்பிடத் தொடங்குவார்கள்.

1946இல் பம்பாயில் காவல்துறைக்குத் துணையாகத் தொடங்கி, 1962 சீனப் போருக்குப் பிறகு நாடெங்கும் பரவிய அமைப்பு இது. தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1963இல் வந்தது. பணிக்கு அழைக்கப்பட்டு, இடம் ஒதுக்கப்பட்டு, அங்கே நிற்கும் நேரத்துக்குத்தான் அதிகாரமும் சட்டப் பாதுகாப்பும் உண்டு. பணி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தெருச் சண்டைக்குள் உடுப்போடு நுழைந்து பஞ்சாயத்து செய்தால் அந்தப் பாதுகாப்பு துணைக்கு வராது. கண்ணெதிரே கடுமையான குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் குற்றவாளியைப் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. பணியில் இல்லாத நேரத்தில் உங்களுக்கும் அந்த உரிமை மட்டும்தான்.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் மலையடிவாரச் சாலை காலையிலேயே திணறும். அங்கே நிறுத்தப்படுபவர் செய்யக்கூடாத முதல் காரியம், வண்டிச் சாவியைப் பிடுங்குவது. ஓடும் வண்டியில் கை வைத்தால் ஓட்டுபவரும் பின்னால் இருக்கும் குழந்தையும் கீழே விழுவார்கள். நிற்காமல் போகிறவரை லத்தியால் தடுப்பது அதைவிட மோசம். அபராதம் விதிப்பதும் ரசீது கொடுப்பதும் காவல் அதிகாரியின் வேலை. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அருகில் இருக்கும் எஸ்.ஐ.யிடம் சொன்னால் போதும். உங்கள் வேலை விசிலும் கையும்தான். ஓட்டுநர் தூரத்திலிருந்தே பார்க்கும்படி நிற்க வேண்டும். இரவில் ஒளிரும் மேல்சட்டை இல்லாமல் சாலையில் இறங்கவே கூடாது.

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிற்பது இன்னும் கடினம். புதுச்சேரியிலிருந்து மதுபாட்டில் வருகிறதா என்று பார்க்கும் இடம் அது. பஸ்ஸில் ஏறிப் பெண்களின் பையைத் தானே துழாவுவது, வயதானவரை எல்லார் முன்பும் ஒருமையில் பேசுவது, பிடிபட்ட பாட்டில்களில் ஒன்றைக் "கணக்கில் வராது" என்று ஒதுக்குவது ஆகியவை சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். ஒதுக்கிய அந்த ஒரு பாட்டில் வழக்கையே கெடுக்கும்; உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும். சோதனை செய்வது காவலர். பெண்களைச் சோதிப்பது பெண் காவலர். நீங்கள் வரிசையை ஒழுங்குபடுத்தி, கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். தப்பி ஓடும் பைக்கைத் துரத்திக்கொண்டு முள்ளோடை தாண்டிப் போவதிலும் எந்தப் பெருமையும் இல்லை. அது புதுச்சேரி எல்லை. துரத்தலில் சாகப்போவது பெரும்பாலும் சாலையைக் கடக்கும் மூன்றாவது ஆள்.

காவல் நிலையத்துக்குள் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கப்பட்ட 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பை ஊர்க்காவல் படையோடு குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஆனால் அதற்கு நேர்ந்தது நமக்கும் பாடம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, அந்த அமைப்பின் தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. நிலையத்தில் யாராவது உங்களிடம் "இவன் கையைப் பிடித்துக்கொள்" என்று சொன்னால் பிடிக்காதீர்கள். வெளியே வந்து உங்கள் படைப்பிரிவுத் தளபதிக்கு உடனே தெரிவியுங்கள். அடியை நீங்கள் அடிக்காவிட்டாலும், அடிக்க உதவிய கை உங்களுடையதாக இருக்கும்.

திருவிழாப் பணியில் நல்ல மனம் உள்ளவர்களே தவறு செய்கிறார்கள். வடலூர் வள்ளலார் சபையின் தைப்பூசத்தில் ஜோதியை மறைக்கும் ஏழு திரைகளும் விலகும் நேரத்தில் பணியில் இருப்பவரும் பக்திப் பெருக்கில் சபையின் பக்கம் திரும்பிவிடுவார். கூட்டம் முன்னோக்கி நெருக்குவது சரியாக அந்தக் கணத்தில்தான். ஜோதிக்கு முதுகைக் காட்டி, மக்களின் முகத்தைப் பார்த்து நிற்பதே அங்கே உங்கள் பணி. யாருடைய முகம் வெளிறுகிறது, எந்தக் குழந்தை இடுப்பு உயரத்தில் நசுங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டிய கண்கள் உங்களுடையவை. ஜோதி ஆறு காலம் காட்டப்படுகிறது; பணியில்லாத காலத்தில் வரிசையில் நின்று நிம்மதியாகத் தரிசித்துக்கொள்ளலாம். தடுப்புக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடிக்காதீர்கள். கூட்டம் இழுத்தால் கை முறியும். வெளியேறும் வழியில் "தெரிந்தவர்" என்று யாரையும் எதிர்த்திசையில் உள்ளே விடாதீர்கள். சிதம்பரம் தேரோட்டத்தில் தேரை நிறுத்தச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்களுக்கு இடம் விட்டு, சக்கரத்தின் அருகே மற்றவர்கள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் யாராவது அலையில் சிக்கினால், பூட்சும் பெல்ட்டுமாகக் கடலில் பாய்வது வீரமல்ல. மிதக்கும் பொருளையோ கயிற்றையோ எறிந்துவிட்டு மீனவர்களையும் தீயணைப்பு வீரர்களையும் கூப்பிடுங்கள். அந்தக் கடலின் இழுப்பு மீனவர்களுக்குத் தெரியும். வெள்ளத்திலும் இதே கதைதான். 2011 தானே புயலையும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டதையும் கண்ட ஊர் இது. தேங்கிய நீரில் கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று மின்வாரிய ஊழியர் சொல்லும்வரை அந்தப் பக்கம் யாரையும் விடக்கூடாது, உங்களையும் சேர்த்து.

விபத்தில் அடிபட்டவரைப் படமெடுத்துக் குழுவில் போடும் பழக்கம் அருவருப்பானது. அந்தக் கையால் 108ஐ அழையுங்கள்.

கடைசியாக வயிற்றுப்பாடு. இது தொண்டு, கிடைப்பது பணி செய்த நாளுக்கான படி, மாதச் சம்பளம் அல்ல. ஊர்க்காவல் படையினர் பணிநிரந்தரம் கோர முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், முப்பது நாள் பணிக்கான படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் மாதம் முழுவதும் பணி கிடைக்கும் என்று நம்பி, கையில் இருக்கும் கொத்தனார் வேலையையோ கடையையோ விட்டுவிட்டு வராதீர்கள். "இதில் சேர்ந்தால் போலீஸ் வேலை நிச்சயம்" என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர். ஆள் எடுப்பது மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் வழியாகத்தான். வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரோல் கால் நேரத்தில் ஒருவர் குறைந்தால், அவருடைய இடத்தையும் சேர்த்துப் பக்கத்தில் இருப்பவர் இரவு முழுவதும் நிற்க வேண்டிவரும். படையை விட்டு விலகும்போது சீருடையையும் அடையாள அட்டையையும் அலுவலகத்தில் ஒப்படைத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.