கோடை ரன் பண்ணாமலே பிழை பிடிக்கலாம்: பைலிண்ட் செய்முறை

ஸ்டேட்டிக் அனாலிசிஸ்னா கோடை ஓட்டாம, எழுதினதை மட்டும் படிச்சு தப்பு கண்டுபிடிக்கிறது. பைத்தானுக்கு நான் பைலிண்ட்ங்கிற டூலைத்தான் யூஸ் பண்றேன், பிப் (பைத்தான் டூல்களை இன்ஸ்டால் பண்றது) வழியா ஒரே வரியில இன்ஸ்டால் ஆயிடும்.

முதல்ல ஒரு சின்ன கிளாஸ் எழுதுங்க, பேரு பெட்டி. உள்ள ஒரு லிஸ்ட், அதுல பொருளைச் சேர்க்க, நீக்க, மொத்தத்தையும் வாங்க மூணு மெத்தட். இனிட்ல (பெட்டி உருவாகும்போது ஓடுற மெத்தட்) லிஸ்ட்டை வாங்குற பாராமீட்டரோட டீஃபால்ட்டா, அதாவது எதுவும் குடுக்கலைன்னா எடுத்துக்குற மதிப்பா, வேணும்னே காலி லிஸ்ட் குடுங்க, அதையே உள்ள இருக்குற லிஸ்ட்டா வச்சுக்கோங்க.

இப்ப டெர்மினல்ல பைலிண்ட்னு அடிச்சு ஃபைல் பேரைக் குடுங்க. நிறைய வரி கொட்டும், பயப்படாதீங்க. சி, ஆர்ல ஆரம்பிக்கிறதெல்லாம் எழுதுற முறை பத்தினது, அப்புறம் பாத்துக்கலாம். இ (எரர்), டபிள்யூ (வார்னிங்) ரெண்டும்தான் முக்கியம். எரர் மட்டும் காட்டுன்னு ஆப்ஷன் போட்டுடாதீங்க, டபிள்யூ எல்லாம் மறைஞ்சிடும், நமக்கு வேண்டியதே அங்கதான் இருக்கு.

டபிள்யூ0102னு ஒண்ணு வந்திருக்கும். அந்த காலி லிஸ்ட் ஃபங்ஷனை டிஃபைன் பண்ணும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகுது, அதனால லிஸ்ட் குடுக்காம ரெண்டு பெட்டி உருவாக்கினா ரெண்டும் ஒரே லிஸ்ட்டைத்தான் பிடிச்சிட்டிருக்கும், ஒண்ணுல போட்டது இன்னொண்ணுலயும் தெரியும், டெஸ்ட்ல ஒரே ஒரு பெட்டி வச்சுப் பாத்தா இது மாட்டவே மாட்டாது. டீஃபால்ட்டை None (எதுவும் இல்லைன்னு சொல்ற மதிப்பு)னு மாத்திட்டு, None-ஆ இருந்தா உள்ள புது லிஸ்ட் உருவாக்குங்க, திரும்ப ஓட்டினா அந்த வரி போயிடும்.

அடுத்து நீக்குற மெத்தட். லூப் ஓடிட்டிருக்கும்போதே அதே லிஸ்ட்ல ரிமூவ் பண்ணியிருந்தா ஆபத்து. 1, 2, 2, 3ல 2ஐ எல்லாம் நீக்கப் பாத்தா, முதல் 2 போனதும் மத்ததெல்லாம் ஒரு இடம் முன்னாடி நகர்ந்து ரெண்டாவது 2 தப்பிச்சிடும். இதுக்கு டபிள்யூ4701 இருக்கு, ஆனா அது லிஸ்ட்தான்னு டூலால ஊகிக்க முடிஞ்சாதான் வரும். வரலைன்னாலும் இந்த இடத்தை நீங்களே ஒரு தடவை படிச்சிடுங்க. வேண்டியதை மட்டும் எடுத்து புது லிஸ்ட் கட்டுறதுதான் எனக்குப் பிடிச்ச வழி.

கடைசியா, மொத்தத்தையும் குடுக்குற மெத்தட் உள்ள இருக்குற லிஸ்ட்டையே ரிட்டர்ன் பண்ணுதான்னு பாருங்க. பண்ணினா வெளிய இருக்குறவங்க அதுல நேரடியா கை வைக்கலாம். பைலிண்ட் இதைப் பத்தி வாயே திறக்காது, அதனால காப்பி எடுத்துக் குடுக்குறது உங்க பொறுப்பு.