ஹாஸ்பிஸ்ல (குணமாகாத நோயாளிங்களை கடைசி காலத்துல பாத்துக்கற இடம்) இருக்கறவங்களுக்கும் வீட்டுக்காரங்களுக்கும் துணையா இருக்கறது எப்படி

துக்கம் இறந்தப்புறம்தான் வரும்னு இல்லைங்க, இனி குணமாகாதுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே வீட்ல எல்லாருக்கும் ஆரம்பிச்சிடும், நோயாளிக்கும்தான். அதனால "அழாதீங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு மூடி மறைக்காதீங்க. "எதை நினைச்சா பயமா இருக்கு?"ன்னு கேட்டுட்டு அவங்க சொல்றதை காது கொடுத்து கேளுங்க, பதில் சொல்லணும்னு அவசியமே இல்ல. வலி இருந்தா மொதல்ல நர்ஸ்கிட்ட சொல்லுங்க, வலியோட மனசு விட்டு பேசறது ரொம்ப கஷ்டம்.

கடைசி நாட்கள்ல சாப்பாடு குறையும், தூக்கம் கூடும், மூச்சு நடுநடுவுல நின்னு திரும்ப வரலாம். சாப்பிடலையேன்னு கட்டாயப்படுத்தாதீங்க, உடம்பு கேக்காது, உதட்டையும் வாயையும் ஈரப்படுத்திட்டே இருங்க. கண்ணு திறக்கலைன்னாலும் காது கேட்டுட்டு இருக்கலாம், அதனால மன்னிப்போ நன்றியோ பாசமோ எதுவா இருந்தாலும் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுட்டு சொல்லிடுங்க.

குழந்தைங்ககிட்ட "தூங்கிட்டாங்க"ன்னு சொல்லாதீங்க, அப்புறம் தூங்கவே பயப்படுவாங்க, இறந்துட்டாங்கன்னே சொல்லுங்க.

நோயாளி இறந்தப்புறம், கூட இருந்து பாத்துக்கிட்டவங்களுக்கு அப்பாடான்னு ஒரு நிம்மதி வந்தா அது தப்பே இல்ல. நிறைய ஹாஸ்பிஸ்ல அதுக்கப்புறமும் பல மாசம் குடும்பத்துக்கு கவுன்சிலிங் தருவாங்க, கேட்டு வாங்குங்க. வாரக்கணக்கா தூக்கமே இல்லைன்னா டாக்டரைப் பாருங்க, நானும் போயிடலாம்னு தோணுச்சுன்னா அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லிடுங்க.