பென்டியம் 4-ஐக் கழற்றி டுவல் கோர் போட்டது: என் அனுபவம்

கல்லடியில் ஒரு வீட்டுக் கணினியில் ஜிடிஏ 4 கேம் தடக்கித் தடக்கி ஓடியது. உள்ளே இருந்த ப்ராசசர் (கணினியின் மூளை) 3.0 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4. அந்தக் கேமுக்குக் குறைந்தபட்சமே இரண்டு கோர் (கணக்குப் போடும் பகுதி) உள்ள கோர் 2 டுவோ 1.8 கிகாஹேர்ட்ஸ் வேண்டும்.

காசு செலவழிக்க முன் கேமின் ரெசொலூஷனை (படப் புள்ளிகளின் எண்ணிக்கையை) 800×600-க்கு இறக்கிப் பார்த்தேன். வேகம் கூடினால் குறை கிராபிக்ஸ் கார்டில். இங்கே அசையவே இல்லை, ஆகவே ப்ராசசர்தான்.

பாவித்த கோர் 2 டுவோ ஈ7500 பொருத்தினேன். 2.93 கிகாஹேர்ட்ஸ்தானே, குறைவல்லவா என்று பலர் தயங்குவார்கள். அந்த எண்ணை நம்ப வேண்டாம்! கோர் 2 ஒவ்வொரு சுற்றிலும் பென்டியம் 4-ஐ விடக் கூடிய வேலை செய்யும், இரண்டாவது கோர் அதற்கு மேல். சூடும் குறைவு, 65 வாட்ஸ். நம் ஊர் வெக்கைக்கு அது பெரிய ஆறுதல்.

ப்ராசசர் பொருந்தும் இடம் சொக்கெட் 775 என்பது மட்டும் போதாது. 945 சிப்செட் (மதர்போட்டின் கட்டுப்பாட்டுச் சில்லுகள்) உள்ள போட்கள் பல இந்த ஈ7500-ஐ ஏற்காது. ஜி31 சிப்செட் போட்கள் பெரும்பாலும் ஏற்கும். மதர்போட் நிறுவனத்தின் ப்ராசசர் பட்டியலைப் பாருங்கள். பயோஸ் (மதர்போட்டில் உள்ள தொடக்க மென்பொருள்) அப்டேட்டைப் பழைய ப்ராசசர் இருக்கும்போதே, யூபிஎஸ்ஸில் செய்யுங்கள்; இடையில் கரண்ட் போனால் போட் செத்துவிடலாம்.

ஊசிகள் சொக்கெட்டில்தான் இருக்கின்றன, விரல் படக்கூடாது. ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒரு பயறளவு. கூலரின் நான்கு முளைகளையும் குறுக்குமறுக்காக அழுத்துங்கள். ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் சூடேறிக் கணினி நின்றுவிடும்.

பிறகும் டாஸ்க் மேனேஜரில் ஒரே கோர் தெரிந்தால், எம்எஸ்கொன்ஃபிக் (விண்டோஸின் அமைப்புக் கருவி) பூட் பகுதியில் ப்ராசசர் எண்ணிக்கை 1 என்று டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள்.