இலை வாடினால் வேரைப் பாருங்கள்

பெங்களூரிலிருந்து மகள் வாங்கி வந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், எங்கள் காட்பாடி வீட்டில் இரண்டே மாதத்தில் துவண்டுவிட்டது. பூ உதிர்ந்ததில் வருத்தமில்லை, அது உதிரத்தான் செய்யும். இலை வாடிய கத்தரிக்காய் மாதிரி சுருங்கியதும் பயந்துபோய் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். இன்னும் சுருங்கியது.

உருவிப் பார்த்தால் பாதி வேர் அழுகல். விரலால் இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் இல்லாவிட்டாலும் இலை சுருங்கும், வேர் அழுகினாலும் சுருங்கும். இலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல வேர் கெட்டியாக இருக்கும்; காய்ந்தால் வெள்ளிச் சாம்பல் நிறம், நனைந்தால் பச்சை.

கத்தரிக்கோலை அடுப்புத் தீயில் காட்டி, கொழகொழத்த வேரையெல்லாம் வெட்டினேன். வெட்டுவாயில் மட்டும் சமையல் லவங்கப்பட்டைத் தூள். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, பக்கவாட்டிலும் ஓட்டை போட்ட மண்தொட்டியில் அடுப்புக்கரி, ஓட்டாஞ்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போட்டு நட்டேன். மட்டையை நாலைந்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும், உப்பு போகட்டும். மண் ஒரு பிடிகூட வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். அதே உப்பு வேரிலும் படியும். அதனால் மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறேன், தீர்ந்தால் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். வேர் வெள்ளியாக மாறிய பிறகுதான் ஊற்றுவது. அக்கினி நட்சத்திரத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஐப்பசி மழையில் வாரம் ஒருமுறை போதும். காலையில் ஊற்றுங்கள். இலைக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணி முனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குருத்தே அழுகிவிடும்.

வேலூர் வெயிலைச் சொல்லவா வேண்டும்! மேற்குச் சுவர் ராத்திரி பத்து மணிக்கும் அனலடிக்கும், அந்தப் பக்கமே வைக்காதீர்கள். கிழக்கு ஜன்னலில் பழைய வேட்டியைத் திரையாகக் கட்டி அதன் பின்னால் வைத்திருக்கிறேன். உரம் இப்போதைக்குக் கிடையாது, வேர் பிடிக்கட்டும். அப்புறம் பூத்தண்டு வர ராத்திரி குளிர் வேண்டும். நம் ஊரில் அதற்கு மார்கழிதான்.

ஆடியில் அடி இலைக்குப் பக்கத்தில் பச்சைப்பயறு அளவில் ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"மொட்டா அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"வேருடி" என்றேன்.