வில்லன் பேசும் திகில் கதை: சொல்லித்தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு புது ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். வில்லனே ‘நான்’ என்று சொல்லும் திகில் கதை எழுத வேண்டும். ஒரு பையனின் நோட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “சரி, இவன் ஏன் இப்படி ஆனான்? அதை எழுதலையே?” பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி. ரத்தம் அதிகம், எழுத்துப்பிழை அதிகம் என்பதெல்லாம் யார் கண்ணிலும் படும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்கதை கேட்பது

அப்போது ஒரு மாணவி எழுதிய கதையில், தனியாக இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்ள வந்தவன் பேசுகிறான். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறான். மாத்திரைகளை எண்ணுகிறான். அப்புறம் இந்த வரி: “பாட்டிக்குக் குளிருமே என்று ஜன்னலைச் சாத்தினேன். இனி கூப்பிட்டாலும் தெருவுக்குக் கேட்காது.” அவள் வாசித்தபோது வகுப்பே அசையவில்லை.

நான் சிவப்பு மையில் ‘காரணம் தேவை’ என்று எழுதினேன். மறுவாரம் மூன்று பக்கம் கூடுதலாக வந்தது: சித்தி கொடுமை, பட்டினி, பெல்ட் அடி. வாசித்து முடித்ததும் முன்வரிசையில் ஒருத்தி “பாவம் மிஸ்” என்றாள். பயம் போய்விட்டது. எழுதியவள் அந்த வருடம் வேறு கதையே எழுதவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

இந்த ராத்திரி வில்லனுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தால் போதும். எப்படி இப்படி ஆனான் என்று விளக்கப்போனால், அவன் வாசகரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுகிறான். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843இல் வெளியிட்ட ‘தி டெல்-டேல் ஹார்ட்’ கதையில் கொலைகாரன் தன் சிறுவயதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. கிழவரின் கண் பிடிக்கவில்லை என்கிறான், அவ்வளவுதான். ஏழு இரவும் எவ்வளவு மெதுவாகக் கதவைத் திறந்தேன் என்று பெருமைப்படுகிறான். அந்தப் பெருமையைப் படிக்கும்போதுதான் முதுகு சில்லிடுகிறது.

இப்போதெல்லாம் நாட்டுப்புறக் கதையில் வரும் பேய், பழையனூர் நீலியை வைத்து இதைச் சொல்லித்தருகிறேன். முற்பிறவியில் கணவன் கையால் செத்தவள்; இப்போது வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி வருகிறாள். அங்கிருந்து தொடங்கினால் பழிவாங்கும் கதையாகிவிடும். இவன் என் கணவன் என்று அவள் முறையிடும் எழுபது வேளாளர்களின் சபையில் தொடங்கச் சொல்வேன். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்திருக்கிறாள். இறக்கிவிட்டதும் அது வணிகனை அப்பா என்று ஒட்டிக்கொள்கிறது. எழுபது பேரும் நம்பிவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே நீலி எதைப் பார்க்கிறாள்? வணிகனின் வாளை. அது அவன் கையில் இருக்கும்வரை அவளால் அவனைத் தொட முடியாது. அதை வைத்துவிட்டுப் போகச் சொல்வார்களா என்று காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பை மட்டும் ஒரு பக்கம் எழுதட்டும்.

“நான் கொடூரமானவன்”

எந்த வில்லனும் தன்னைப் பற்றி இப்படி நினைப்பதில்லை. அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

ஹா ஹா ஹா

வேண்டாம்.

எல்லாம் கனவு

முதல் நாளே தடை.

தெரிந்தவர் பெயர்

ஒருமுறை ஒரு பையன், கதையில் சாகிறவனுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் பெயரையே வைத்துச் சத்தமாக வாசித்தான். வகுப்பு சிரித்தது. அந்தப் பெயர்க்காரன் மறுநாள் வரவில்லை. அவன் அம்மா வந்தார். இப்போது பேனாவைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: வகுப்பில், தெருவில், வீட்டில் இருக்கும் யார் பெயரும் கூடாது.